தமிழகக் குடும்பச் செலவினத்தில் அரிசி: கூலி நெல்லிலிருந்து குடும்ப அட்டை வரை (1916–2023)

ஆய்வுச் சுருக்கம்

குடும்பச் செலவில் உணவின் பங்கு குறைவதை வாழ்க்கைத் தரம் உயர்ந்ததன் அடையாளமாகக் கொள்வது பொருளியலில் நெடுங்கால வழக்கம். தமிழகத்தில் அரிசிக்கான செலவின் வரலாறு இக்கருத்தை அப்படியே ஏற்க இடம் தரவில்லை. கூலியாக நெல் பெற்ற காலத்தில் அரிசி, செலவுக் கணக்கிற்குள் வரவே இல்லை. கூலி பணமாக மாறியபோது அது முதன்மைச் செலவாயிற்று. பொது வினியோகத் திட்டம் விரிந்தபோது மீண்டும் கணக்கிலிருந்து மறைந்தது. கிராம மறு ஆய்வுகள், தேசிய மாதிரி ஆய்வின் நுகர்வோர் செலவின அறிக்கைகள், தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஆகியவற்றைக் கொண்டு இம்மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குடும்பச் செலவு, கூலி நெல், பொது வினியோகம், ஏங்கல் விதி, தேசிய மாதிரி ஆய்வு, விலைக் குறியீட்டெண்.

முன்னுரை

சங்கப் பாடல்களில் ‘செலவு’ என்னும் சொல் போதலைக் குறிக்கும். பொருள் தேடப் புறப்படத் துணிந்த தலைவன் பின்னர்த் தயங்கி நிற்பதைச் ‘செலவழுங்குதல்’ என்று அகத்திணை மரபு பெயரிட்டது. பொருள் கையைவிட்டுப் போவதற்கும் பிற்காலத்தில் அச்சொல்லே பெயராயிற்று. திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் வருவாயின் வழி சிறிதாயிருப்பதைக் குறையாகக் கருதவில்லை. பொருள் போகும் வழி அகன்றுவிடாதிருக்க வேண்டும் என்பதே அதன் கவலை. இக்கருத்து, பொருள் முதலில் கைக்கு வருகிறது, பின்னர்க் கையைவிட்டுப் போகிறது என்னும் வரிசையை எடுத்துக்கொள்கிறது. கைக்குப் பணமாக வராமலே உண்ணப்பட்டுவிடும் நெல்லுக்கு இவ்வரிசை பொருந்துவதில்லை. தமிழகக் குடும்பச் செலவின் வரலாற்றை எழுதுவோர் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் இதுவே.

1857-ஆம் ஆண்டில் சாக்சனி நாட்டுப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் ஏங்கல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்து, வருவாய் குறைந்த குடும்பத்தில் உணவுக்கான செலவின் பங்கு மிகுதியாக இருக்கும் என்று கண்டார். இது ஏங்கல் விதி எனப்படுகிறது. அவர் ஆராய்ந்த குடும்பங்கள் கூலியைப் பணமாகப் பெற்று, ரொட்டியைக் கடையில் வாங்கியவை என்பது கவனத்திற்குரியது. இந்தியாவில் உணவின் பங்கு குறைந்துவருவதை எடுத்துக்காட்டி வறுமை நீங்கிவருகிறது என வாதிடுவோர் இவ்விதியையே அடிப்படையாகக் கொள்கின்றனர். விதி பிழையானதன்று. தமிழகத்தில் எந்த அளவு அது செல்லும் என்பதே கேள்வி.

படியும் மரக்காலும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியக் கிராமங்களை ஆராய்ந்தார். 1916-இல் தொடங்கிய அம்முயற்சியின் விளைவாக 1918-இல் நூல் ஒன்று வெளிவந்தது. தென் ஆர்க்காட்டின் இருவேல்பட்டு, தஞ்சாவூரின் பாலக்குறிச்சி, திருநெல்வேலியின் கங்கைகொண்டான், இராமநாதபுரத்தின் வடமலைபுரம், வட ஆர்க்காட்டின் தூசி முதலிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. 1936–37-இல் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தனர். இருவேல்பட்டு 1961, 1981, 2008 எனத் தொடர்ந்து ஆராயப்பட்டது. ஒரே தமிழ்க் கிராமத்தை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவிடாது பின்தொடரும் இத்தகைய சான்றுத் தொகுதி உலக அளவிலும் அரிது. பொருளியல் துறைகளில் இது அறியப்பட்ட அளவுக்குத் தமிழியல் துறைகளில் அறியப்படவில்லை.

இவ்வூர்களின் உழைப்பாளர் குடும்பங்களில் பண வரவு செலவு மிகச் சிறியதாக இருந்தது. காவிரிப் படுகையில் பண்ணையாளுக்குரிய கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்னும் அளவை முறையில் அன்றாடக் கூலி, அறுவடைக் கூலி, களத்தில் கிடைக்கும் சில்லறைப் பேறுகள் ஆகியவை கணக்கிடப்பட்டன. அந்நெல்லை வீட்டுப் பெண்கள் உரலிலிட்டுக் குற்றினர். நெல் வாங்கவும் பணம் செல்லவில்லை. அரிசியாக்கவும் பணம் செல்லவில்லை. சுள்ளி காட்டிலும் கரையிலும் பொறுக்கப்பட்டது. உப்பு, மிளகாய், துணி, மண்ணெண்ணெய், புகையிலை, கள் ஆகியவற்றுக்கே காசு தேவைப்பட்டது. இக்குடும்பத்தின் காசுச் செலவை மட்டும் பட்டியலிட்டால் உணவின் பங்கு வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருக்கும். அதைக் கொண்டு அக்குடும்பத்தைச் செழிப்பானது என்று எவரும் கூறமாட்டார்.

வறண்ட மாவட்டங்களின் நிலை வேறு. கோயம்புத்தூர், சேலம், இராமநாதபுரம் ஆகிய பகுதிகளில் கம்பு, சோளம், கேழ்வரகு, வரகு, சாமை ஆகியவையே அன்றாட உணவு. அங்கு நெல்லுச் சோறு பண்டிகை நாளின் உணவாகவும் விருந்தினருக்குரிய உணவாகவும் கருதப்பட்டதைக் கரிசல் வட்டார இலக்கியம் விரிவாகப் பதிவு செய்துள்ளது. எனவே ‘தமிழர் அரிசிக்குச் செலவிட்டனர்’ என்னும் பொதுக்கூற்றே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பொருந்தாது. அரிசி எல்லாருடைய அன்றாட உணவாகவும் ஆனதே இந்நூற்றாண்டின் நிகழ்வு.

1929-க்குப் பின் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை பெரிதும் சரிந்தது. பர்மா அரிசியின் வரவு இச்சரிவை மேலும் கடுமையாக்கியது. நெல்லை விற்றுக் கிஸ்தியைப் பணமாகக் கட்டவேண்டிய நிலவுடைமையாளரை இது தாக்கிய அளவுக்கு, நெல்லையே கூலியாகப் பெற்றவரின் சோற்றைத் தாக்கவில்லை. வேலை கிடைத்த நாள்வரை, அவருடைய படி அதே படிதான். விலையின் ஏற்ற இறக்கத்திலிருந்து கூலி நெல் ஓரளவு காப்பளித்தது என்பதை இதனால் அறியலாம். ஆனால் அக்காப்பு அடிமைத்தனத்தையொத்த கட்டுப்பாட்டோடு சேர்ந்தே வந்தது. 1952-ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், கீழவெண்மணிப் படுகொலைக்குப் பின் 1969-இல் இயற்றப்பட்ட நியாயக் கூலிச் சட்டமும் இக்கட்டுப்பாட்டின் பின்னணியில் வைத்து வாசிக்கத்தக்கவை. வெண்மணிக்கு முந்தைய போராட்டங்களில் கூலி நெல்லின் அளவே முதன்மையான கோரிக்கையாக இருந்தது.

இதே காலத்தில் நகரங்களிலும் பெரிய ஊர்களிலும் அரிசி ஆலைகள் பெருகின. உரலில் செலவான பெண்ணுழைப்பு ஆலைக் கூலியாக மாறிக் காசுக் கணக்கில் ஏறியது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் டபிள்யூ. ஆர். ஐக்ராய்டு 1930-களில் தென்னிந்தியக் கிராமங்களின் உணவு நிலையை ஆராய்ந்து, தீட்டிய ஆலை அரிசியால் ஏற்படும் சத்திழப்பைச் சுட்டிக்காட்டினார். செலவு கூடியது, சத்துக் குறைந்தது. இரண்டும் ஒரே ஆலையின் வாயிலாக நிகழ்ந்தன. நடுத்தர வகுப்புக் குடும்பத்தில் இக்காலத்தில் நுழைந்த மற்றொரு காசுச் செலவு காப்பி. நீராகாரத்தின் இடத்தைக் காப்பி பிடித்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் ஆராய்ந்துள்ளார். இங்கு அதை விரிக்க வேண்டியதில்லை.

விலை அரசியலாதல்

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. 1943-இல் சென்னை நகரில் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அரிசிக்காக ஒரு குடும்பம் செலவிடும் தொகையை அரசு நேரடியாக நிர்ணயிக்கத் தொடங்கியது அப்போதுதான். போர் முடிந்த பின்னும் கட்டுப்பாடு நீடித்தது, தளர்த்தப்பட்டது, மீண்டும் வந்தது. 1952-இல் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அந்த ஒன்பதாண்டுப் பழக்கத்தில் நகரக் குடும்பங்கள் அரிசி விலையைச் சந்தையின் செயலாக மட்டும் காணாமல் ஆட்சியின் பொறுப்பாகவும் காணக் கற்றுக்கொண்டன எனலாம்.

1960-களின் நடுப்பகுதியில் பருவமழை பொய்த்தபோது இப்பார்வை தேர்தல் அரசியலாக வெளிப்பட்டது. 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதை இலட்சியமாகவும், ஒரு படி என்பதை உறுதியாகவும் முன்வைத்தது. வெற்றிக்குப் பின் அண்ணாதுரை அரசு ரூபாய்க்கு ஒரு படித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. நிதிச்சுமையால் அதனை மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்த இயலவில்லை. முழக்கத்தின் அலகு கவனிக்கத்தக்கது. மெட்ரிக் அளவைகள் சட்டப்படி நடைமுறைக்கு வந்துவிட்ட பின்னரும் அது கிலோவில் பேசவில்லை, படியில் பேசியது. கூலி நெல்லை அளந்த அதே படி, இப்போது ரூபாயோடு இணைக்கப்பட்டது. நெல்லாகப் பெற்றதைப் பணமாகப் பெறத் தொடங்கிய உழைப்பாளருக்கு, அப்பணம் எத்தனை படியாகும் என்பதே கூலியின் உண்மையான அளவு.

விளைச்சல் பக்கத்திலும் இவ்வாண்டுகளில் மாற்றம் நிகழ்ந்தது. ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 ஆகிய நெல் வகைகள் பரவின. வட ஆர்க்காட்டுக் கிராமங்களை 1970-களிலும் 1980-களிலும் ஆராய்ந்த பீட்டர் ஹேசல், சி. இராமசாமி ஆகியோர், சிறு விவசாயிகளும் நிலமற்றோரும் உட்பட இம்மாற்றத்தால் பயன்பெற்றனர் எனவும் அவர்களின் நுகர்வு உயர்ந்தது எனவும் கண்டனர். பசுமைப் புரட்சி ஏழைகளை மேலும் ஏழைகளாக்கியது என்னும் முந்தைய கருத்தை இம்முடிவு மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது.

மாதிரி ஆய்வின் கண்கள்

1950-இல் தொடங்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வு, பி. சி. மகலனோபிசின் வழிகாட்டுதலில் உருவானது. 1972–73-ஆம் ஆண்டின் 27-ஆம் சுற்று முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெரிய அளவில் நுகர்வோர் செலவின ஆய்வு நடத்தப்பட்டது. அகில இந்திய அளவில் கிராமக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 1972–73-இல் 72.9 விழுக்காடு, 1993–94-இல் 63.2, 2004–05-இல் 55.0, 2011–12-இல் 52.9, 2022–23-இல் 46.38. நகரத்தில் இதே காலத்தில் 64.5 விழுக்காட்டிலிருந்து 39.17 விழுக்காடாக அது குறைந்தது. தானியத்தின் வீழ்ச்சி இன்னும் செங்குத்தானது. கிராமச் செலவில் 1972–73-இல் 40.6 விழுக்காடாக இருந்த தானியம், 2022–23-இல் 4.91 விழுக்காடாகச் சுருங்கியது.

இந்த எண்களை ஒரே கோட்டில் வைத்து வாசிப்பதற்கு முன் ஆய்வின் விதிகளை அறிதல் வேண்டும். வீட்டு விளைச்சல் களத்து விலையில் மதிப்பிடப்படுகிறது. வாங்கியது வாங்கிய விலையில் எழுதப்படுகிறது. பொது வினியோகத்தில் வாங்கியதும் அங்குக் கொடுத்த விலையிலேயே எழுதப்படுகிறது. சமைத்த உணவைப் பொறுத்தவரை, நெடுங்காலம் அது உண்டவரின் கணக்கில் சேராமல் சமைத்த வீட்டின் கணக்கில் சேர்ந்தது. நடவு நாளில் நிலக்காரர் வீட்டில் கூலியாள் உண்ட சோறு நிலக்காரரின் நுகர்வாகப் பதிவாயிற்று. இவ்விதியால் ஏழைக் குடும்பத்தின் உணவு குறைத்தும் வசதியுள்ள குடும்பத்தின் உணவு கூட்டியும் காட்டப்பட்டதை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். கூலிச் சோறு மறைந்து, கூலிப் பணத்தில் உணவு வாங்கும் வழக்கம் பரவியபோது, எதுவும் கூடுதலாக உண்ணாமலே உழைப்பாளர் குடும்பத்தின் ‘உணவுச் செலவு’ கூடியிருக்கும்.

நினைவுகூரும் காலத்தைப் பற்றிய சிக்கலும் உண்டு. கடந்த 30 நாளில் செலவிட்டதைக் கேட்பதா, 7 நாளில் செலவிட்டதைக் கேட்பதா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. 1999–2000-ஆம் ஆண்டின் 55-ஆம் சுற்றில் இரு காலங்களையும் ஒரே குடும்பத்திடம் கேட்டதால் விடைகள் ஒன்றையொன்று பாதித்தன; வறுமை உண்மையில் எவ்வளவு குறைந்தது என்னும் நெடிய விவாதத்துக்கு அது வழிவகுத்தது. பின்னர்க் காய்கறி, இறைச்சி, பதப்படுத்திய உணவு ஆகியவற்றுக்கு 7 நாள் கணக்கும், துணி, கல்வி, நீடித்துழைக்கும் பொருள் ஆகியவற்றுக்கு ஓராண்டுக் கணக்கும் கேட்கும் முறை வந்தது. தானியத்துக்கு 30 நாளே நீடித்தது. 7 நாள் முறை ஏனைய உணவுகளின் பதிவைக் கூட்டுவதால், தானியத்தின் பங்கு கணக்களவிலேயே சற்றுக் குறையும். 2017–18-ஆம் ஆண்டின் ஆய்வு முடிவுகளை அரசு வெளியிடவில்லை. ஆகவே 2011–12-க்கும் 2022–23-க்கும் இடையே பதினோர் ஆண்டுகள் சான்றின்றி உள்ளன. 2022–23-இல் ஆய்வு முறையும் மாறி, ஒரே குடும்பத்தை மும்முறை சந்திக்கும் ஏற்பாடு வந்தது.

இத்தனையையும் கழித்த பின்னரும் தானியப் பங்கின் வீழ்ச்சி உண்மையே. அதன் தன்மையை அறிய அளவையும் பங்கையும் ஒப்பிடலாம். 1993–94-இல் கிராமத்தில் ஒருவர் மாதத்திற்கு உட்கொண்ட தானியம் 13.4 கிலோ, 2011–12-இல் 11.2 கிலோ. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே காலத்தில் செலவில் தானியத்தின் பங்கு 24.2 விழுக்காட்டிலிருந்து 10.75 விழுக்காடாக, பாதிக்கும் கீழாகக் குறைந்தது. மக்கள் தானியம் உண்பதைக் குறைத்ததைக் காட்டிலும் தானியத்துக்குப் பணம் கொடுப்பது மிக வேகமாகக் குறைந்தது. மொத்தச் செலவு வளர்ந்தது ஒரு காரணம். மற்றொரு காரணம், தமிழகத்தைப் பொறுத்தவரை, ரேஷன் கடை.

அட்டை அரிசி

1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்களின் வழியாக நியாயவிலைக் கடைகள் ஊர்தோறும் பரவின. 1997-இல் நடுவணரசு வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர், மேலுள்ளோர் எனக் குடும்பங்களைப் பிரித்தபோது தமிழகம் அப்பிரிவினையை ஏற்காமல் பொது வினியோகத்தை அனைவருக்கும் உரியதாகவே வைத்துக்கொண்டது. 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008 செப்டம்பரில் 1 ரூபாய், 2011 சூன் முதல் விலையின்றி என அரிசியின் விலை படிப்படியாக இறங்கியது. ரூபாய்க்கு ஒரு படி என்பதைத் தாங்க இயலாதிருந்த மாநிலம், நாற்பத்து நான்கு ஆண்டுகளில் அரிசியின் விலையையே நீக்கிவிட்டது.

விலை நீங்கிய பொருள் செலவுக் கணக்கில் என்னவாகிறது என்பதை எளிய கணக்கொன்றால் காட்டலாம். ஒரு குடும்பத்தின் மாதச் செலவு 10,000 ரூபாய், அதில் உணவு 5,000 எனக் கொள்வோம். அது விலையின்றிப் பெறும் 20 கிலோ அரிசியைக் கிலோ 40 ரூபாய் என மதிப்பிட்டால் 800 ரூபாய். அரிசியைச் சேர்க்காதபோது உணவின் பங்கு 50 விழுக்காடு, சேர்த்தால் 53.7 விழுக்காடு. தட்டில் உள்ள சோறு ஒன்றே. 2022–23-ஆம் ஆண்டின் ஆய்வு, விலையின்றிப் பெற்ற பொருள்களின் மதிப்பைச் சேர்த்தும் தனியே கணக்கிட்டது. அவ்வாறு சேர்த்தபோது அகில இந்தியக் கிராமத் தலா மாதச் செலவு 3,773 ரூபாயிலிருந்து 3,860 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் செய்தித்தாள்களும் ஆய்வுக் கட்டுரைகளும் பெரும்பாலும் எடுத்தாளும் பங்கு விழுக்காடுகள் முதல் கணக்கைச் சார்ந்தவை.

அதே ஆய்வில் தமிழகக் கிராமத் தலா மாதச் செலவு 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய். அகில இந்திய நகரச் செலவு 6,459 ரூபாய். இந்தியாவில் நகரச் செலவு கிராமச் செலவைவிட 71 விழுக்காடு மிகுதி. தமிழகத்தில் 44 விழுக்காடே மிகுதி. நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே நுகர்வுப் பழக்கம் நெருங்கிவந்துள்ள மாநிலங்களுள் தமிழகம் ஒன்று என்பதை இது காட்டுகிறது. அரிசிச் செலவிலிருந்து கிடைத்த விடுதலைக்கு இதில் ஓரளவு பங்குண்டு என்று கருத இடமுண்டு.

அட்டை அரிசியை எல்லாரும் சோறாக்குவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல குடும்பங்களில் அது இட்லி, தோசை மாவுக்குச் செல்கிறது. சோற்றுக்குப் பொன்னி அரிசி கடையில் வாங்கப்படுகிறது. சில வீடுகளில் கோழிக்கும் மாட்டுக்கும் போகிறது. வறுமையில் உள்ள குடும்பமோ அதையே மூன்று வேளையும் உண்கிறது. ஒரே அட்டையின் அரிசி ஒரு வீட்டில் துணைப்பொருள், மற்றொரு வீட்டில் உயிர்நிலை. விலையில்லா அரிசியை வீண் செலவு எனக் கண்டிப்போர் முதல் வீட்டை மட்டுமே பார்க்கின்றனர்.

விடுபட்ட பணம் சென்ற வழி

அரிசியிலிருந்து விடுபட்ட பணம் எங்குச் சென்றது? இது குறித்து ஆய்வுலகில் இணக்கமில்லை. வருவாய் உயர்ந்தும் கலோரி நுகர்வு குறைவதை ஆராய்ந்த ஆங்கஸ் டீட்டனும் ழான் திரேசும் 2009-இல், உடலுழைப்புக் குறைந்ததும் நோய்ச்சூழல் மேம்பட்டதும் கலோரித் தேவையைக் குறைத்திருக்கலாம் என்று கருதினர். உத்சா பட்நாயக் இதனை வறியோரின் உணவிழப்பாகவே கண்டார். தீபங்கர் பாசு, அமித் பசோலே ஆகியோர் 2015-இல் வேறொரு வழியைச் சுட்டினர். கல்வி, மருத்துவம், போக்குவரத்து, எரிபொருள் ஆகியவற்றின் தவிர்க்கவியலாச் செலவு உணவுக்கான தொகையை நெருக்குகிறது என்பது அவர்தம் வாதம். பொது ஊருணியும் காட்டுச் சுள்ளியும் மறைந்த இடத்தில் கட்டணங்கள் முளைக்கின்றன.

தமிழகச் சூழலுக்கு இம்மூன்றாம் வாதமே மிகப் பொருந்துகிறது. அதற்குச் சான்று அரசு வழங்கிய பொருள்களிலேயே உள்ளது. 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகக் குடும்பங்களுள் 39.5 விழுக்காட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. 2011-இல் 87 விழுக்காட்டில் இருந்தது. 2006-க்குப் பின் அரசு வழங்கிய விலையில்லா வண்ணத் தொலைக்காட்சி இவ்வுயர்வில் பெரும்பங்கு வகித்தது. பெட்டி செலவுக் கணக்கில் வரவில்லை. கம்பிவடக் கட்டணம் மாதந்தோறும் வந்தது. அதனைத் தாங்கத்தக்கதாக்க 2011-இல் அரசு கேபிள் நிறுவனமே 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்க வேண்டியதாயிற்று. எரிவாயு அடுப்பும் அவ்வாறே. அடுப்பு விலையின்றி வந்தது. உருளை விலைக்கு வந்தது. ஒருமுறை பெறும் கொடை, மாதந்தோறும் செல்லும் காசாகத் தொடர்ந்தது.

உணவுக்குள்ளேயே நிகழ்ந்த மாற்றமும் உண்டு. 2022–23-இல் கிராமச் செலவில் தானியம் 4.91 விழுக்காடாக இருக்க, பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகிய தொகுதி 9.62 விழுக்காடு, பால் 8.33, போக்குவரத்து 7.55. தானியத்துக்குச் செலவிடுவதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு தேநீர்க் கடைக்கும் பொட்டலத் தின்பண்டத்துக்கும் செல்கிறது. இதை ஆடம்பரம் எனக் கடிந்துகொள்வது எளிது. விடியலில் பேருந்து ஏறி நகரக் கட்டடப் பணிக்கோ நூற்பாலைக்கோ செல்லும் உழைப்பாளருக்குத் தேநீர்க் கடை ஆடம்பரமன்று. நிலக்காரர் வீட்டுக் கூலிச் சோறு இருந்த இடத்தில் இப்போது அது இருக்கிறது. முன்னர் வேலை தந்தவர் ஏற்ற உணவுச் செலவை இப்போது வேலை செய்பவரே ஏற்கிறார்.

நுகர்வோர் செலவின ஆய்வு காணாத செலவும் இருக்கிறது. கடன் தவணை, வீட்டுமனை, வீடு கட்டுதல், சீட்டு ஆகியவை நுகர்வு எனக் கொள்ளப்படுவதில்லை. வரையறை அளவில் இது முறையானதே. ஆனால் 1989-இல் தருமபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களையும், அவற்றைப் பின்பற்றி வந்த நுண்கடன் நிறுவனங்களையும் சார்ந்த குடும்பங்களில், மாத வரவிலிருந்து முதலில் பிரிவது தவணைதான். எஞ்சியதே ‘செலவு’. உணவின் பங்கைக் கணக்கிடும் வகுஎண்ணில் தவணை இல்லாததால், குடும்பம் உணரும் நெருக்கடிக்கும் ஆய்வு காட்டும் தளர்வுக்கும் இடையே இடைவெளி தோன்றுகிறது. கடனையும் நுகர்வையும் வெவ்வேறு ஆய்வுகள் வெவ்வேறு குடும்பங்களிடம் கேட்கும் வரை இவ்விடைவெளியை அளக்க இயலாது.

குறியீட்டெண்ணில் அரிசி

செலவின ஆய்வுகள் ஆய்வாளரின் பயன்பாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. அவற்றிலிருந்து பெறும் விழுக்காடுகளே விலைக் குறியீட்டெண்ணின் நிறைகளாகின்றன. தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில் உணவுத் தொகுதியின் நிறை 1960 அடிப்படையில் ஏறத்தாழ 61 விழுக்காடு. 1982 அடிப்படையில் 57. 2001 அடிப்படையில் 46.2, 2016 அடிப்படையில் 39.17. வீட்டு வாடகையின் நிறை 1982-இல் 8.67 விழுக்காடாக இருந்து 2016-இல் 16.87 ஆயிற்று. ஆலைத் தொழிலாளர், அரசு ஊழியர் ஆகியோரின் அகவிலைப்படி இக்குறியீட்டெண்ணைச் சார்ந்துள்ளது. ஏனைய விலைகள் மாறாதிருக்க உணவு விலை மட்டும் 10 விழுக்காடு உயர்ந்தால், பழைய 1960 நிறையில் குறியீட்டெண் 6 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்திருக்கும். இப்போதைய நிறையில் 3.9 விழுக்காடே உயரும்.

நிறைகள் உண்மைச் செலவைக் காட்டுகின்றன, ஆகவே இதில் தவறில்லை என்று கூறலாம். சராசரித் தொழிலாளர் குடும்பத்துக்கு அவ்வாறே கொள்ளலாம். ஆனால் அந்தச் சராசரி, அட்டை அரிசி தொடர்ந்து கிடைக்கும் என்னும் நிபந்தனையின் மேல் நிற்கிறது. அட்டை வேறோர் ஊரில் இருக்க வாடகை வீட்டில் வாழும் குடும்பம், அட்டையே பெறாத புலம்பெயர் தொழிலாளர் குடும்பம் ஆகியவற்றின் அரிசி முழுவதும் சந்தை விலைக்குரியது. அவற்றின் செலவில் அரிசி இன்னும் 1970-களின் இடத்துக்கு அருகில் இருக்கக்கூடும்; குறியீட்டெண்ணில் அதற்கு இடமில்லை.

2023 சனவரி முதல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் தானியம் நாடு முழுவதும் விலையற்றதாயிற்று. தமிழகத்தில் 2011-லேயே தோன்றிய கேள்வி இதனால் அகில இந்தியக் கேள்வியானது. விலையே இல்லாத பொருளை விலைக் குறியீட்டெண்ணில் எங்கு வைப்பது? நீக்கினால், எஞ்சிய பொருள்களின் நிறை கூடும். சுழிய விலையோடு வைத்தால், அவ்வரிசிக்கு என்றேனும் ஒரு ரூபாய் விலை குறிக்கப்படும் நாளில் உயர்வை விழுக்காட்டில் சொல்லவே இயலாது. நடுவண் புள்ளியியல் அமைச்சகம் இதனைப் பற்றிய விவாத அறிக்கையை 2024-இல் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கூலி நெல்லைக் காசுக் கணக்கில் எழுத இயலாமல் ஸ்லேட்டரின் மாணவர்கள் நின்ற இடமும் ஏறத்தாழ இதுவே. அவர்கள் நெல்லுக்கு ஒரு விலை வைத்துப் பட்டியலை முடித்தனர். அரசு கொடுக்கும் அரிசிக்கு எந்த விலையை வைப்பது, கடை விலையையா, கொள்முதல் விலையையா, குடும்பம் அதை விற்றால் பெறும் விலையையா என்பதில் தெரிவு எதுவாயினும், உணவுப் பங்கின் அடுத்த எண் அதற்கேற்ப மாறும்.